ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள்: மருத்துவ இதழுக்குக் கட்டுரை தயாரிக்கும் முறை

மருத்துவ இதழ் ஒன்றின் அலுவலகத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வந்து சேரும் கட்டுரையை எடிட்டருக்கு முன்பே திறந்து பார்ப்பவள் நான்தான். தலைப்பை முதலில் படிப்பதில்லை. சுருக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அது முடிவுகள் பகுதியில் எங்கே வருகிறது, அட்டவணையில் எங்கே வருகிறது என்று தேடிப் போவேன். மூன்று இடத்திலும் அதே எண் இருந்தால், இவர்கள் கவனமாக வேலை செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரு கட்டுரை எனக்கு மறக்கவே மறக்காது. சுருக்கத்தில் 112 நோயாளிகள், அதில் ஆண்கள் 64 பேர், 57.1 சதவீதம் என்று இருந்தது. முடிவுகள் பகுதியிலும் அதே 64 பேர்தான், ஆனால் 57.7 சதவீதம். முதல் அட்டவணைக்குப் போனேன். ஆண்கள் 64, பெண்கள் 47. கூட்டினால் 111. அதாவது 64-ஐ 112-ஆல் வகுத்தால் 57.1 வருகிறது, 111-ஆல் வகுத்தால் 57.7 வருகிறது. நடுவில் ஒரு ஆள் காணவில்லை. எழுதியவர்களிடம் கேட்டோம். ஒரு பெண்மணி பாதியில் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டாராம். கணக்கை மறுபடி போட்டு அட்டவணையையும் முடிவுகளையும் திருத்தியவர்கள், சுருக்கத்தைத் திருத்த மறந்துவிட்டார்கள். தெரியாமல் நடந்த பிழைதான். ஆனாலும் என்னைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லிப் போனவர், எல்லாரும் முதலில் படிக்கிற பத்தியில் இன்னும் ஒரு எண்ணாக இருந்தார். அதிலிருந்து, அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் எனக்கு ஒரு ஆளாகத்தான் தெரிகிறது. அதனால் இந்த வழிகாட்டியும் எண்ணைச் சுற்றித்தான் இருக்கும்.

பிறகு சரிசெய்ய முடியாதவை

மொழியைத் திருத்தலாம், படத்தை மாற்றலாம், அட்டவணையைப் புதிதாகப் போடலாம். மூன்று விஷயங்களை மட்டும் ஆய்வு முடிந்த பிறகு சரிசெய்யவே முடியாது. அவற்றை முதலில் பாருங்கள்.

முதலாவது, எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி. அனுமதி எண்ணும் தேதியும் கட்டுரையில் இருக்க வேண்டும். அந்தத் தேதி முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்துச் செய்த ஆய்வு என்றாலும் கமிட்டியிடம் போயிருக்க வேண்டும். ‘இதற்கு ஒப்புதல் படிவம் தேவையில்லை’ என்பதைக்கூடக் கமிட்டிதான் சொல்ல வேண்டும், நாமே முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது, ட்ரயல் பதிவு. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, அதாவது ஐசிஎம்ஜேஇ, 2005-லிருந்து இதை நிபந்தனையாக வைத்திருக்கிறது: மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு எதுவானாலும், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். இந்த ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பிய நல்ல கட்டுரைகள் உண்டு. இரண்டு ஆண்டு உழைப்பு, ஒழுங்கான தரவு, எல்லாம் இருந்தும் பதிவு மட்டும் ஆய்வு முடிந்த மாதத்தில் நடந்திருக்கும். அந்தக் கடிதங்களை எழுதும்போது எனக்குக் கை வராது.

மூன்றாவது, கட்டுரையை எழுதிய ஆசிரியர்களாக யார் யார் பெயர் வரும் என்பது. ஐசிஎம்ஜேஇ சொல்லும் நிபந்தனைகள் நான்கு. ஆய்வை வடிவமைப்பதிலோ, தரவைச் சேகரிப்பதிலோ, அதை அலசுவதிலோ உருப்படியான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது கருத்தளவில் திருத்தியிருக்க வேண்டும். கடைசி வடிவத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்துதான், நான்கில் ஒன்று என்று இல்லை. துறைத் தலைவர் என்பதற்காக ஒரு பெயரைச் சேர்ப்பதும், இரவெல்லாம் உட்கார்ந்து தரவைத் திரட்டி எழுதவும் செய்த ஜூனியரின் பெயரை விடுவதும் தப்பு என்றுதான் சொல்வேன். பெயர் வரிசையை முதல் கூட்டத்திலேயே பேசி, ஒரு மெயிலில் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். கடைசியில் பேசினால் சண்டையில்தான் முடியும்.

அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்

பலர் முன்னுரையிலிருந்து எழுத ஆரம்பித்து அங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். முதலில் அட்டவணைகளையும் படங்களையும் முடியுங்கள். அப்புறம் முறைகள், முடிவுகள், விவாதம், முன்னுரை. சுருக்கமும் தலைப்பும் கடைசி.

முதல் அட்டவணைக்கும் முன்னால் ஒரு காகிதத்தில் கட்டங்கள் போடுங்கள். எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை பேர் தகுதியில்லை, எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நடுவில் விலகினார்கள், கடைசிக் கணக்கில் எத்தனை பேர். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கழித்தால் விடை சரியாக வர வேண்டும். ட்ரயல்களுக்கு கன்சார்ட் என்ற வழிகாட்டி இந்த வரைபடத்தைக் கட்டாயம் கேட்கிறது. அது கேட்காத வகை ஆய்வுக்கும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆள் காணாமல் போவதை இதைவிட வேகமாகக் காட்டிக்கொடுக்கும் வழி எனக்குத் தெரியாது.

பிறகு அட்டவணை. ஒவ்வொரு நெடுவரிசையின் தலையிலும் மொத்த எண்ணிக்கை இருக்கட்டும். சிலரிடம் மட்டும் ஒரு டெஸ்ட் எடுத்திருந்தால் அந்த வரியில் அதற்கான மொத்தத்தைத் தனியாகக் காட்டுங்கள். வெறும் சதவீதத்தைப் போடாமல் எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுங்கள். 23 பேரில் 8 பேருக்குக் காய்ச்சல் என்றால் கால்குலேட்டர் 34.78 என்று காட்டும். அந்த இரண்டு தசமங்களால் யாருக்கும் பயன் இல்லை. அந்த 23 பேரில் இன்னும் ஒரே ஒருவருக்குக் காய்ச்சல் இருந்திருந்தால் அது 39 ஆகிவிடும். 8 பேர், 35 சதவீதம் என்று எழுதினால் போதும்.

சராசரி விஷயத்தில் நடக்கும் ஒரு தப்பை விளக்கிச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் தங்கிய நாட்கள்: சராசரி 9, திட்ட விலக்கம் 12 என்று எழுதி வரும். திட்ட விலக்கம் என்பது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் கணக்கு. 9-லிருந்து 12-ஐக் கழித்தால் மைனஸ் 3. மைனஸ் மூன்று நாள் யாரும் மருத்துவமனையில் தங்க முடியாது. பெரும்பாலானவர்கள் நாலைந்து நாளில் வீட்டுக்குப் போயிருப்பார்கள், ஒருசிலர் ஐசியுவில் மாதக்கணக்கில் இருந்திருப்பார்கள். அந்த ஒருசிலர் சராசரியை மேலே இழுத்துவிட்டார்கள். அந்த மாதிரித் தரவுக்கு நடு எண்ணையும், அதைச் சுற்றியிருக்கும் கால் பங்கு எல்லைகளையும் தர வேண்டும். மீடியன், ஐக்யூஆர் என்று ஸ்டாடிஸ்டிக்ஸ்காரர்கள் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை அளவுகளில், நோய் நீடித்த காலத்தில், செலவில் எல்லாம் இதே கதைதான். பி மதிப்பு என்பது, உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இந்த அளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண். சாஃப்ட்வேர் அதை 0.000 என்று காட்டினாலும் அப்படியே போடாதீர்கள், 0.001-க்கும் குறைவு என்று எழுதுங்கள். பி மதிப்பை மட்டும் போட்டு நிறுத்தாமல், வித்தியாசம் எவ்வளவு, அதன் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வீச்சு, எவ்வளவு என்பதையும் சேர்த்துத் தர வேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்று கேட்கும் டாக்டருக்கு, எவ்வளவு செய்கிறது என்பதுதான் வேண்டும்.

முறைகள்: அடுத்தவர் செய்து பார்க்கும் அளவுக்கு

முறைகள் பகுதியில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: ‘ரத்த அழுத்தம் உரிய முறையில் அளக்கப்பட்டது.’ இதைப் படித்துவிட்டு வேறு ஊரில் இருக்கும் ஒரு டாக்டர் உங்கள் ஆய்வைத் திரும்பச் செய்ய முடியுமா? முடியாது. அதையே இப்படி எழுதலாம்: ‘நோயாளியை நாற்காலியில் முதுகு சாய்த்து 5 நிமிடம் உட்கார வைத்தோம். வலது கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கிவைத்து, கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டையைக் கட்டி, 1 நிமிட இடைவெளியில் 3 முறை அளந்தோம். கடைசி இரண்டு அளவுகளின் சராசரியைக் கணக்கில் எடுத்தோம்.’ கருவியின் பெயரையும் மாடலையும் சேர்த்துவிட்டால் முடிந்தது. இரண்டு வரி நீளம்தான் கூடியிருக்கிறது.

எழுதி முடித்ததும், ஆய்வில் இல்லாத ஒரு நண்பரிடம் முறைகள் பகுதியை மட்டும் கொடுத்து, நாளைக்குக் காலையில் நீங்களே இதை ஆரம்பிக்க வேண்டுமென்றால் என்னென்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள். அவர் கேட்பதெல்லாம் அதில் விட்டுப்போனவை.

ஒவ்வொரு வகை ஆய்வுக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. ட்ரயலுக்கு கன்சார்ட், இது 2025-ல் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, அதனால் பழைய படிவத்தை நிரப்பாதீர்கள். சிகிச்சையில் தலையிடாமல் நடப்பதைக் கவனித்து மட்டும் செய்யும் கண்காணிப்பு ஆய்வுகளுக்கு ஸ்ட்ரோப், 22 அம்சங்கள். ஒரு கேள்விக்கு ஏற்கெனவே வந்த ஆய்வுகளையெல்லாம் தேடித் தொகுக்கும் முறைசார் தொகுப்பாய்வுக்கு பிரிஸ்மா, 27 அம்சங்கள். ஓரிரு நோயாளிகளைப் பற்றி மட்டும் எழுதும் கேஸ் ரிப்போர்ட்டுக்கு கேர். எல்லாமே இக்வேட்டர் நெட்வொர்க்கின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அனுப்பும் நாளன்று நிரப்பும் படிவமாக இதை நினைக்காதீர்கள். எழுதும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டால், எதை எழுதுவது என்ற தவிப்பே பாதி போய்விடும்.

மற்ற பகுதிகள்

முடிவுகள் பகுதியில் அட்டவணையைத் திரும்ப ஒப்பிக்க வேண்டாம். அதில் முக்கியமான இரண்டு மூன்றை மட்டும் சொல்லி, மீதிக்கு அட்டவணையைக் காட்டுங்கள். விவாதத்தின் முதல் பத்தியில் நீங்கள் கண்டது என்ன என்பது வந்துவிட வேண்டும். குறைகளை நேராக ஒப்புக்கொள்ளுங்கள். ‘ஒரே மருத்துவமனையில் செய்தது’ என்று ஒரு வரியில் நிறுத்தாமல், அதனால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கக்கூடும் என்றும் சொன்னால், இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிடும் துறை நிபுணரான ரிவியூவருக்கு உங்கள் மேல் மரியாதை வரும். முன்னுரைக்கு மூன்று பத்தி போதும்: என்ன தெரியும், எது தெரியாது, நாங்கள் எதைத் தேடினோம்.

சுருக்கத்தைக் கடைசியில் எழுதச் சொன்னதற்குக் காரணம் அந்த 112-தான். அதில் வரும் ஒவ்வொரு எண்ணையும் அட்டவணையிலிருந்து பார்த்து எடுங்கள், நினைவிலிருந்து எடுக்காதீர்கள். தலைப்பில் ஆய்வின் வகை இருக்கட்டும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் நம்மில் பலருக்குப் பின்னால் வந்த மொழி. அதற்காகத் தயங்க வேண்டாம். சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள்; ஒரே பொருளுக்கு ஒரே சொல்லைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். அழகுக்காகச் சொல்லை மாற்றினால், அது வேறு பொருளோ என்று படிப்பவர் குழம்பிப்போவார்.

மேற்கோள்களும் ஏஐயும்

பெரும்பாலான மருத்துவ இதழ்கள் வான்கூவர் பாணியைக் கேட்கும்: கட்டுரையில் வரும் வரிசைப்படி எண், பட்டியலும் அதே வரிசையில். 1978-ல் வான்கூவரில் கூடிய சில இதழ் ஆசிரியர்கள்தான் இதற்கு வழிபோட்டார்கள். இன்றைய ஐசிஎம்ஜேஇ அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்தது. எண்களைக் கையால் போடாதீர்கள். மேற்கோள்களை நிர்வகிக்கும் ஸோட்டேரோ என்ற சாஃப்ட்வேர் இலவசம்; நடுவில் ஒரு மேற்கோளைச் சேர்த்தாலும் எல்லா எண்ணையும் அதுவே மாற்றிக்கொள்ளும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை நீங்கள் எடுத்து வைத்திருந்தால் எச்சரிக்கவும் செய்யும்.

ஒவ்வொரு மேற்கோளையும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் திறந்து பாருங்கள். சாட்பாட்டிடம் கேட்டு எடுத்த பட்டியலில் உலகத்திலேயே இல்லாத கட்டுரைகள் வருகின்றன. ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் நிஜம் போலவே இருக்கும். நானே ஒன்றை ஒரு மணி நேரம் தேடியிருக்கிறேன். ஏஐ கருவியைப் பயன்படுத்தியிருந்தால் எதற்காக, எப்படி என்பதைக் கட்டுரையோடு எடிட்டருக்கு அனுப்பும் கடிதமான கவர் லெட்டரிலும் கட்டுரையிலும் சொல்லிவிட வேண்டும்; அதை ஆசிரியராகப் போட முடியாது. ஐசிஎம்ஜேஇ 2023-ல் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது. நோயாளியின் விவரங்களை அந்த மாதிரித் தளங்களில் ஒட்டவே கூடாது.

ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் நோயாளி

நான் ரொம்பப் பதறுவது இதில்தான். ஸ்கேன் படத்தின் ஓரத்தில் நோயாளியின் பெயரும் ஐடி எண்ணும் இருக்கும். வேர்டில் படத்தை வைத்து ஓரத்தை கிராப் செய்துவிட்டு, பெயர் போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். போகவில்லை. வேர்டு அந்த ஓரத்தை மறைத்து மட்டும்தான் வைத்திருக்கிறது. கிராப் கருவியை மறுபடி எடுத்து ஓரத்தை வெளியே இழுத்தால் பெயர் மறுபடியும் வந்து நிற்கும். படத்தை வேர்டுக்கு வெளியே, பட எடிட்டரில் வெட்டி, புது ஃபைலாகச் சேமித்த பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

எக்செல் வரைபடத்தில் ஆபத்து இன்னும் பெரிது. எக்செலில் போட்ட வரைபடத்தைக் காப்பி செய்து வேர்டில் ஒட்டும்போது, ஒட்டும் விதத்தைப் பொறுத்து மொத்த ஒர்க்புக்கும் கூடவே வந்துவிடும். அப்படி ஒரு முறை, வரைபடத்தைச் சொடுக்கியதும் ஒரு பெரிய ஷீட் திறந்துகொண்டது. அதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் பெயர், வயது, ஃபோன் எண், ஒரு நெடுவரிசையில் எச்ஐவி முடிவு. உடனே மூடினேன். எடிட்டரிடம் சொல்லி, அந்த ஃபைலை சிஸ்டத்திலிருந்து எடுக்க வைத்து, எழுதியவர்களுக்கு அப்போதே ஃபோன் செய்தோம். ரிவியூவர்களுக்குப் போவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம். ஆகவே வரைபடத்தைப் படமாக மட்டும் ஒட்டுங்கள். ஆய்வுக்கான ஷீட்டில் பெயரே இல்லாமல் ஆரம்பத்திலிருந்தே வரிசை எண் மட்டும் வைத்துக்கொண்டால் இந்தப் பயமே வேண்டாம்.

முகம் தெரியும் படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. போதாது. தெரிந்தவர்கள் மூக்கையும் தாடையையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அடையாளம் தெரிய வாய்ப்பிருந்தால் நோயாளியிடம் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். சிகிச்சைக்கு வாங்கிய ஒப்புதல் இதற்குச் செல்லாது. பிரசுரம் ஆகப்போகும் வடிவத்தை அவரிடம் காட்டி, இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதையும் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆசிரியர் யாரென்று ரிவியூவருக்குத் தெரியக் கூடாத இதழ் என்றால், தலைப்புப் பக்கம் தனி ஃபைலாகப் போக வேண்டும். முறைகளில் வரும் மருத்துவமனை பெயர், ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்ற வாசகம், வேர்டு ஃபைலின் பண்புகளில் பதிந்திருக்கும் உங்கள் பெயர், மூன்றையும் நீக்குங்கள்.

இதழைத் தேர்ந்தெடுத்து அனுப்புதல்

உங்கள் மேற்கோள் பட்டியலில் எந்த இதழ் அடிக்கடி வருகிறதோ, பெரும்பாலும் அதன் வாசகர்கள்தான் உங்கள் வாசகர்கள். மேலான பேராசிரியரே என்று புகழ்ந்து, மூன்றே நாளில் பிரசுரம் என்று மெயில் அனுப்பும் இதழ்களிடம் போகாதீர்கள். பணம் போவதோடு, கட்டுரையும் அங்கே மாட்டிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் ‘திங்க் செக் சப்மிட்’ தளத்தின் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு இதழுக்கு மட்டுமே அனுப்ப வேண்டும்.

இதழின் விதிமுறைப் பக்கத்தை அனுப்பும் வாரத்தில் மறுபடி படியுங்கள். சொல் எண்ணிக்கை, அட்டவணை எத்தனை, படம் எந்த வடிவம். புகைப்படத்துக்குப் பல இதழ்கள் 300 டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளிகள், கேட்கும். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் எண்தான் கூடும், தெளிவு கூடாது. அட்டவணைகளைப் படமாக ஒட்டாமல் வேர்டு அட்டவணையாகவே தாருங்கள்.

கவர் லெட்டர் அரைப் பக்கம் போதும். என்ன கேள்வி கேட்டீர்கள், என்ன கண்டீர்கள், இந்த இதழின் வாசகருக்கு அது எதற்கு உதவும், வேறெங்கும் அனுப்பவில்லை என்ற உறுதி, ப்ரிப்ரின்ட், அதாவது மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவத்தை இணையத்தில், போட்டிருந்தால் அந்த விவரம். அப்புறம், போன முறை வேறு இதழுக்கு எழுதிய கடிதத்தையே திருத்துகிறீர்கள் என்றால், மேலே இருக்கும் இதழின் பெயரை மாற்றிவிட்டீர்களா என்று ஒரு தடவை பாருங்கள்.

எல்லா ஃபைலையும் ஏற்றியதும் சிஸ்டம் ஒரு பிடிஎஃப் தயாரித்துக் கொடுக்கும். எடிட்டரும் ரிவியூவர்களும் பார்க்கப்போவது அதைத்தான். அதைத் திறக்காமலேயே ‘அப்ரூவ்’ கொடுப்பவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து திறந்து பாருங்கள், குறிப்பாக மருந்தின் அளவுகளை. மியூ என்ற கிரேக்க எழுத்தை வேர்டில் சிம்பல் எழுத்துருவில் அடித்திருந்தால், எழுத்துரு மாறும்போது அது சாதாரண ஆங்கில ‘எம்’ ஆகிவிடுவது உண்டு. மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். டோஸ் 1,000 மடங்கு. ஒரு தைராய்டு கட்டுரையில் 50 மைக்ரோகிராம் மாத்திரை 50 மில்லிகிராம் என்று வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பிடிஎஃப்பை அச்செடுத்து, இணை ஆசிரியர் ஒருவரை எதிரில் உட்கார வைத்து, நீங்கள் எண்ணையும் அலகையும் வாய்விட்டுப் படியுங்கள், அவர் அட்டவணையில் பேனாவால் டிக் போடட்டும். அரை மணி நேரம் ஆகும். அது முடிந்ததும் ‘அப்ரூவ்’ கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் மெயிலில் ஒரு கட்டுரை எண் வரும். அதை எல்லா இணை ஆசிரியர்களுக்கும் அனுப்பிவையுங்கள். எங்கள் அலுவலகத்துக்கு யார் கூப்பிட்டாலும் நாங்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.